'ரைடிங் வித் டெத்' பார்க்கப்போகும் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்



மட்டமான பழைய படங்களைத் தேடிப்பிடித்து, ராத்திரி கூட்டமாக உட்கார்ந்து, வசனத்துக்கு வசனம் கலாய்த்துப் பார்ப்பவர்கள் நீங்கள். அப்படிப்பட்ட படங்களின் பட்டியலை யார் போட்டாலும் 'ரைடிங் வித் டெத்' அதில் வந்துவிடுகிறது. நினைத்த மாத்திரத்தில் மறைந்துவிடும் உளவாளி, எப்போது வெடிக்குமோ என்ற சரக்கோடு ஓடும் லாரி, நடிக்க வந்த ஒரு பாடகர், திடீரென்று ஒரு கார்ப் பந்தயம் என்று சிரிப்பதற்கான எல்லாமே இருக்கின்றன. சிரியுங்கள். ஆனால் எதைப் பார்த்துச் சிரிக்கிறோம் என்று தெரிந்துகொண்டு சிரித்தால் இந்தப் படம் உங்களுக்கு இன்னும் நிறையத் தரும் என்பது என் நம்பிக்கை. அதற்காகத்தான் இந்த மடல்.

முதலில் ஒரு விஷயம். இதை யாரும் திரைப்படமாக எடுக்கவில்லை. 1976 செப்டம்பரில் அமெரிக்காவின் என்.பி.சி. தொலைக்காட்சியில் 'ஜெமினி மேன்' என்றொரு தொடர் தொடங்கியது. வியாழன் இரவு எட்டு மணி. அதே நேரத்தில் எதிரே சி.பி.எஸ்.ஸில் 'தி வால்டன்ஸ்', ஏ.பி.சி.யில் 'வெல்கம் பேக், காட்டர்'. இரண்டும் வீட்டுக்கு வீடு பார்த்த நிகழ்ச்சிகள். புதுத்தொடர் அவற்றின் நடுவே நசுங்கிப்போனது. முன்னோட்டமாக வந்த தொலைக்காட்சிப் படம் போக, எடுத்து முடித்தவை 11 கதைகள். அமெரிக்காவில் ஒளிபரப்பானவை ஐந்தே. அக்டோபர் முடிவதற்குள் தொடரைத் தூக்கிவிட்டார்கள். மீதிக் கதைகளைப் பார்க்கும் வாய்ப்பு பி.பி.சி. வழியாகப் பிரிட்டன்காரர்களுக்குக் கிடைத்தது.

பதினொரு கதைகள் மட்டுமே உள்ள தொடரை மறு ஒளிபரப்புக்கு விற்க முடியாது. உள்ளூர் நிலையங்கள் ஒரு தொடரை வாங்கினால் தினமும் ஒன்றாக மாதக்கணக்கில் ஓட்டப் பார்க்கும். அதற்கு நூறு கதையாவது கையில் இருக்க வேண்டும். அந்தக் கணக்குக்குள் வராத சரக்கு கிடங்கில் தூங்கும். அதைக் காசாக்க யூனிவர்சல் போன்ற ஸ்டூடியோக்களுக்கு ஒரு வழி தெரிந்திருந்தது. இரண்டு கதைகளை எடுத்து ஒட்டி, புதிதாக ஒரு பெயர் வைத்து, 'படம்' என்ற கணக்கில் விற்றுவிடுவது. 1960களில் 'தி மேன் ஃப்ரம் அங்க்கிள்' தொடரை எம்.ஜி.எம். இப்படித்தான் எட்டுப் படங்களாக்கியது. ஜெமினி மேனில் 'ஸ்மிதரீன்ஸ்', 'பஃபலோ பில் ரைட்ஸ் அகைன்' என்று இரண்டு கதைகள் இருந்தன. இரண்டிலும் பஃபலோ பில் என்ற ஒரே பாத்திரம். நடித்தவர், 'ஸ்பைடர்ஸ் அண்ட் ஸ்னேக்ஸ்' பாட்டின் மூலம் 1974இல் அமெரிக்கா முழுக்கத் தெரிந்த ஜிம் ஸ்டாஃபர்ட். அந்த ஒரு ஆளை முடிச்சாக வைத்துக்கொண்டு, வசனங்களுக்குப் புதுக் குரல் சேர்த்து, இரண்டையும் ஒன்றாக்கினார்கள். 'ரைடிங் வித் டெத்' பிறந்த கதை அவ்வளவுதான்.

இதைத் தெரிந்துகொண்டு பார்த்தால் நீங்கள் வழக்கமாகச் சிரிக்கும் இடங்களில் பாதிக்கு விளக்கம் கிடைத்துவிடும். லாரிக் கதை ஏன் பாதியிலேயே முடிந்துபோகிறது? அது ஒரு மணி நேரக் கதை, விளம்பரம் போக ஐம்பது நிமிடத்துக்குள் முடிந்தாக வேண்டியது. அப்புறம் ஏன் எல்லாம் முதலிலிருந்து தொடங்குகிறது? அது இன்னொரு வாரம். உச்சக்கட்டம் ஏன் இரண்டு? திடுதிப்பென்று இருட்டாகி மறுபடி வெளிச்சம் வருவது ஏன்? அங்கே ஒரு காலத்தில் சோப்பு விளம்பரமோ கார் விளம்பரமோ இருந்தது. எழுதியவருக்கும் இயக்கியவருக்கும் இந்த ஒட்டு வேலையில் பங்கு இருந்ததாகத் தெரியவில்லை. தங்கள் வியாழக்கிழமைக் கதையை ஒழுங்காக முடித்துக் கொடுத்துவிட்டு அடுத்த வேலைக்குப் போனவர்கள் அவர்கள். கதையமைப்புத் தெரியாதவர்கள் என்று அவர்களைப் பார்த்து நாம் சிரிப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

இப்போது நாயகனுக்கு வருவோம். சாம் கேசி. 'இன்டர்செக்ட்' என்ற ஆராய்ச்சி அமைப்புக்கு உளவு வேலை பார்ப்பவன். கடலுக்கடியில் ஒரு வெடிவிபத்தில் கதிர்வீச்சு தாக்கி உருவம் மறைந்துபோகிறது. கையில் கட்டியிருக்கும் கடிகாரம் போன்ற ஒரு கருவி அவனைக் கண்ணுக்குத் தெரியும்படி வைத்திருக்கிறது. பொத்தானை அழுத்தினால் மறைவான். ஆனால் ஒரு நாளைக்குப் பதினைந்து நிமிடம்தான்; அதைத் தாண்டினால் உயிர் போய்விடும்.

அந்தப் பதினைந்து நிமிடத்தை நீங்கள் கவனிக்க வேண்டும். கதையில் அது உயிருக்கான கெடு. தயாரிப்பு அலுவலகத்தில் அதுதான் பட்ஜெட். இதற்கு முந்தைய வருடம், 1975இல், இதே என்.பி.சி.யில் இதே ஹார்வ் பென்னட் தயாரிப்பில் 'தி இன்விசிபிள் மேன்' என்று ஒரு தொடர் வந்தது. டேவிட் மெக்காலம் நாயகன். அந்தக் கதையில் மறைந்தவன் மறைந்தவன்தான், மீளவே முடியாது. ஆகவே வெளியே போகும்போது அவன் செயற்கை முகமூடி, தலைமுடி, கையுறை எல்லாம் மாட்டிக்கொண்டு மனிதனாக வேஷம் கட்ட வேண்டும். உளவு பார்க்கும்போது எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். முகமூடியைக் கழற்றும்போது உள்ளே தலை இருக்கக் கூடாது. கையுறைக்குள் கை இருக்கக் கூடாது. ஒவ்வொரு தடவையும் நீலத்திரை வேலை, ஒவ்வொரு தடவையும் செலவு. அந்தத் தொடர் ஒரு பருவத்தோடு நின்றுபோனது. அதே ஆட்கள் அடுத்த வருடம் மறுபடி முயன்றபோது இரண்டு மாற்றங்கள் செய்தார்கள். நாயகன் நினைத்தால் மறையலாம், நினைத்தால் திரும்பலாம். மறையும்போது உடுத்தியிருக்கும் துணியும் சேர்ந்து மறைந்துவிடும். இதனால் தலையில்லாத கோட்டு நடந்துவரும் காட்சிக்கே வேலையில்லாமல் போனது. ஆள் மறைந்ததும் காமிரா வெறும் அறையைப் பிடித்தால் போதும். கதவு தானாகத் திறக்கும், தொலைபேசி தானாக எழும்பும்.

மறைய முடிந்தவன் ஏன் படம் முழுக்க மறையாமலேயே திரிகிறான் என்று கேட்பீர்கள். உங்களுக்கு முன்னால் எத்தனையோ பேர் கேட்டுச் சிரித்த கேள்விதான். ஆனால் காசில்லாத குறையைக் கதாபாத்திரத்தின் உயிரோடு கட்டிவைத்த அந்தப் புத்தியை நான் மெச்சுகிறேன். கையில் காசு குறைவாக உள்ள எந்தக் கதைக்காரரும் பாடமாகப் படிக்க வேண்டியது அது.

செலவு என்றால் என்ன செலவு என்று புரிய 1933க்குப் போக வேண்டும். எச்.ஜி. வெல்ஸின் 1897ஆம் ஆண்டு நாவலான 'தி இன்விசிபிள் மேன்' கதையை ஜேம்ஸ் வேல் இயக்கத்தில் யூனிவர்சல் படமாக்கியது. தந்திரக் காட்சிகளுக்குப் பொறுப்பு ஜான் ஃபுல்டன். கதவு திறப்பதும் புத்தகம் மிதப்பதும் கம்பியால் முடிந்துவிடும். சட்டை மட்டும் நடமாட வேண்டும், கழுத்துக்கு மேலே ஒன்றும் இருக்கக் கூடாது என்றால்தான் பாடு. அரங்கம் முழுக்க ஒளியை விழுங்கும் கறுப்பு வெல்வெட் துணி கட்டினார்கள். நடிக்கும் ஆளுக்கு உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை கறுப்பு வெல்வெட்டால் உறை. அதற்கு மேலே சட்டை, கால்சட்டை. படம்பிடித்தால் கறுப்பெல்லாம் கறுப்போடு போய்விட, சட்டையும் கால்சட்டையும் மட்டும் அசையும். அதைத் தனியாக எடுத்த அறைக் காட்சியோடு ஆய்வகத்தில் சேர்க்க வேண்டும்.

அந்த உறைக்குள் இருந்தவரை நினைத்துப் பாருங்கள். கண்ணுக்கும் மூக்குக்கும் துவாரம் விட்டால் அது படத்தில் தெரிந்துவிடும். ஆகவே கால்சட்டை வழியாக ஒரு குழாயை உள்ளே விட்டு அதன் மூலம் மூச்சுக்காற்று கொடுத்தார்கள். குழாயில் காற்று இரையும் சத்தத்தில் இயக்குநர் சொல்வது காதில் விழாது. எதிரே என்ன இருக்கிறது என்று சரியாகத் தெரியாது. அந்த நிலையில் அவர் சிகரெட் பற்ற வைக்க வேண்டும், சட்டைப் பொத்தான்களைக் கழற்ற வேண்டும், கை தன் உடம்புக்கும் காமிராவுக்கும் நடுவே வராமல் பார்த்துக்கொள்ளவும் வேண்டும். எடுத்து முடித்த பிறகும் வேலை ஓயவில்லை. பிசிறு தெரிந்த இடங்களை, சுமார் 4,000 அடி நீளப் படச்சுருளை, ஒவ்வொரு சட்டமாகக் கையால் தொட்டுத் திருத்தினார்கள். ஒரு அடிக்குப் பதினாறு சட்டம். பெருக்கிப் பாருங்கள்.

ஸ்டூடியோ பணமும் மாதங்களும் கொடுத்ததால் அது முடிந்தது. வாரத்துக்கு ஒரு கதை கொடுத்தாக வேண்டிய தொலைக்காட்சியில் அது நடக்கிற காரியமா? ஜெமினி மேன்காரர்கள் ஃபுல்டன் சுலபமாக முடித்த அந்த முதல் பகுதியை, கம்பியையும் நூலையும், எடுத்துக்கொண்டு மிச்சத்தை நடிகர்களிடம் ஒப்படைத்துவிட்டார்கள்.

மிச்சம் என்று நான் சொல்வது எதை? மறைந்த மனிதன் ஒருவனைக் குத்துகிறான் என்று வையுங்கள். குத்துபவன் திரையில் இல்லை. நாயக நடிகர் அன்றைக்குப் படப்பிடிப்புக்கே வர வேண்டியதில்லை. குத்து வாங்குபவர்தான் எல்லாவற்றையும் செய்கிறார். எந்தத் திசையிலிருந்து வந்தது, எவ்வளவு பலம், தாடையிலா வயிற்றிலா, அடுத்தது எங்கே விழும் என்று தெரியாத பயம் என எல்லாவற்றையும் தன் உடம்பாலேயே சொல்கிறார். வழக்கமான சண்டையில் எதிராளியின் கை வரும் வேகத்தைப் பார்த்துச் சண்டைக் கலைஞர் தலையைத் திருப்புவார். இங்கே பார்ப்பதற்குக் கையே கிடையாது. மனசுக்குள் எண்ணிக்கொண்டு, சரியான நொடியில், இல்லாத கைக்குத் தலையைக் கொடுக்க வேண்டும். ஒரு நொடி முந்தினால் தானாக விழுந்தது போலிருக்கும், பிந்தினால் காட்சி செத்துவிடும்.

அதனால் உங்களிடம் ஒரு வேண்டுகோள். சாம் கேசி மறையும்போதெல்லாம் கடிகாரத்தையும் மிதக்கும் பொருளையும் விட்டுவிட்டு, பக்கத்தில் இருப்பவரின் முகத்தைப் பாருங்கள். வெறும் காற்றைப் பார்த்து இவர் எங்கே கண்ணை நிறுத்துகிறார்? ஒரு ஆள் உயரத்தில் நிறுத்துகிறாரா, அல்லது பார்வை அலைகிறதா? ஆள் நகர்ந்துவிட்டதாக நமக்குத் தெரியும்; அவருக்குத் தெரியக் கூடாது. அதை எப்படிக் காட்டுகிறார்? இதைப் பார்க்கப் பழகிவிட்டால் ஒவ்வொரு காட்சியிலும் நன்றாகச் செய்தவரும் சுமாராகச் செய்தவரும் தனித்தனியே தெரியத் தொடங்குவார்கள். சிரித்துக்கொண்டே போகும்போது இருவரும் ஒன்றாகிவிடுகிறார்கள்.

மறைந்த உளவாளி என்ற எண்ணம் எழுபதுகளின் அசட்டுத்தனம் என்று நினைத்துவிடாதீர்கள். 1942இல் யூனிவர்சலே 'இன்விசிபிள் ஏஜென்ட்' என்று எடுத்தது. மறையும் மருந்தின் ரகசியத்தை வைத்திருக்கும் வாரிசு ஒருவன் நாஜி ஜெர்மனிக்குள் உளவு பார்க்க இறங்குகிறான். விமானத்திலிருந்து குதித்து, பாராசூட்டில் தொங்கிக்கொண்டே ஒவ்வொரு துணியாகக் கழற்றி எறிகிறான். தரையைத் தொடும்போது ஆளே இல்லை. இதற்கும் ஃபுல்டன்தான், ஆஸ்கர் பரிந்துரையும் கிடைத்தது. இதைவிட முக்கியம், எழுதியவர் கர்ட் சியோட்மாக். ஜெர்மனியில் பிறந்த யூதர், ஹிட்லர் வந்ததும் நாட்டைவிட்டு வெளியேறி கடைசியில் ஹாலிவுட்டில் கரைசேர்ந்தவர். தான் இனிக் கால்வைக்க முடியாத ஊருக்குள், யார் கண்ணிலும் படாமல் நடந்துபோய் அந்த அதிகாரிகளின் மேசையைக் குடையும் ஒரு மனிதனை அவர் எழுதியிருக்கிறார். படம் இலகுவான சாகசம்தான். ஆனால் எழுதியவர் யாரென்று தெரிந்த பிறகு அந்தப் பாராசூட் காட்சியை என்னால் வெறும் தந்திரக் காட்சியாகப் பார்க்க முடியவில்லை.

1976இல் அதே ஆசைக்கு நிலைமை வேறு. அதற்கு முந்தைய வருடம்தான் செனட்டர் ஃபிராங்க் சர்ச் தலைமையிலான குழு அமெரிக்க உளவுத்துறைகளைத் தோண்டத் தொடங்கியிருந்தது. சொந்தக் குடிமக்களின் கடிதங்களைப் பிரித்துப் படித்தது, வெளிநாட்டுத் தலைவர்களைக் கொல்லச் சதி செய்தது என்று ஒவ்வொன்றாக வெளியே வந்தன. இறுதி அறிக்கை 1976 ஏப்ரலில். ஜெமினி மேன் தொடங்கியது செப்டம்பரில். கண்ணுக்குத் தெரியாமல் உன் அறைக்குள் நிற்கும் அரசாங்க ஆள் என்றால் அமெரிக்கர்களுக்கு அப்போது குலை நடுங்கியிருக்கும். ஆகவே சாம் கேசியை யாருக்கும் பயம் தராத ஆளாகச் செய்தார்கள் என்று நினைக்கிறேன். பென் மர்ஃபி அதற்குச் சரியான ஆள். 'அலயஸ் ஸ்மித் அண்ட் ஜோன்ஸ்' தொடரில் நல்ல மனம் கொண்ட கொள்ளைக்காரனாக நடித்து ஜனங்களுக்குப் பிடித்துப்போனவர். அந்தச் சிரிப்பு, அந்த நிதானம், யாரோடும் ஒட்டிக்கொள்ளும் குணம். லாரி ஓட்டுநர்களோடும் பந்தயக்காரர்களோடும் திரியும் இவனிடம் யாருக்கும் சந்தேகம் வராது. படத்தில் உங்களுக்கு அசட்டுத்தனமாகத் தெரியும் அந்த வெகுளித்தனத்துக்கு இப்படியும் ஒரு காரணம் இருக்கலாம்.

லாரியும் சும்மா வந்து நிற்கவில்லை. 1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தின. பெட்ரோல் நிலையங்களில் வரிசை. 1974 ஜனவரியில் நாடு முழுக்க மணிக்கு 55 மைல்தான் வேகம் என்று சட்டம் வந்தது. போலீஸ் எங்கே நிற்கிறது, எங்கே டீசல் கிடைக்கும் என்று லாரிக்காரர்கள் சி.பி. ரேடியோவில் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு போக, அந்தப் பேச்சே நாட்டுக்கு ஒரு மோகமாகிவிட்டது. 1976 ஜனவரியில் பாட்டு வரிசையில் முதலிடத்தில் இருந்ததே 'கான்வாய்' என்ற லாரிக்காரர் பாட்டு. சாம் கேசியின் லாரியில் என்ன சரக்கு? ட்ரைபோலோடின் என்ற எரிபொருள் சேர்மானம். எண்ணெய்க்கு ஏங்கிய நாட்டில் அதிசய எரிபொருளைச் சுற்றி ஒரு கதை, அதுவும் லாரியில். வியாழன் இரவு அதைப் பார்த்தவருக்கு அது அன்றைய செய்தித்தாளோடு சேர்ந்த விஷயம்.

விஞ்ஞானம் சரியில்லை என்பதில் எனக்கு மறுப்பில்லை. உடம்பு முழுக்க ஒளியை ஊடுருவ விட்டால் விழித்திரையும் ஒளியைப் பிடிக்காது, மறைந்தவன் குருடனாகத்தான் இருப்பான். வெல்ஸின் நாவலை வைத்தே யாகோவ் பெரல்மான் தன் பௌதிக நூலில் இதைத் தெளிவாக எழுதிவிட்டார். வெல்ஸுக்கே மன்னிப்புக் கொடுத்த நாம் ஒரு தொலைக்காட்சித் தொடரிடம் கறாராக இருப்பானேன்?

சாமுக்கு உத்தரவு போடும் டிரிஸ்கால் வேடத்தில் வருபவரைக் கட்டாயம் கவனியுங்கள். வில்லியம் சில்வெஸ்டர். 1968இல் குப்ரிக்கின் '2001: எ ஸ்பேஸ் ஒடிசி'யில் நிலாவுக்குப் பயணம் போகும் டாக்டர் ஃப்ளாயிட் இவர்தான். எட்டு வருடம் கழித்து ஒரு சிக்கனமான அலுவலக அரங்கில் நின்று உத்தரவு கொடுக்கிறார். அதே அமைதியான குரல், அதே கவனம். வேலை சிறியது என்பதால் அவர் தன் அளவைக் குறைத்துக்கொள்ளவில்லை. தொடரின் தயாரிப்பில் இருந்த லெஸ்லி ஸ்டீவன்ஸ் 1963இல் 'தி அவுட்டர் லிமிட்ஸ்' தொடரை உருவாக்கியவர். பென்னட் பின்னால் 1982இல் 'ஸ்டார் டிரெக் 2' படத்தைத் தயாரித்து, குறைந்த செலவில் அந்தப் படவரிசைக்கே உயிர்கொடுத்தவர். தொழில் தெரியாதவர்கள் யாரும் அந்தக் கூட்டத்தில் இல்லை.

உங்களில் பலருக்கு இந்தப் படம் அறிமுகமானது 'மிஸ்டரி சயன்ஸ் தியேட்டர் 3000' என்ற கேலி நிகழ்ச்சி வழியாக என்று எனக்குத் தெரியும். 1997இல் அவர்கள் இதைக் கலாய்த்த பகுதியை நானும் விரும்பிப் பார்ப்பேன். ஆனால் திரைக்குக் கீழே நிழலாக உட்கார்ந்து பேசும் அந்த ஒரு மனிதனும் இரண்டு ரோபோக்களும் மனசுக்குத் தோன்றியதைச் சொல்லவில்லை. ஒவ்வொரு வரியும் எழுதப்பட்டது. எழுதுவதற்காக ஒரு படத்தை அந்தக் குழு திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்கும். ஒரு நடிகர் கோப்பையை எந்தக் கையில் பிடித்திருந்தார் என்பதுவரை தெரிந்த பிறகுதான் கேலி. அவர்களுடைய கேலியை மட்டும் வாங்கிக்கொண்டு அந்தக் கவனத்தை விட்டுவிட்டோம் என்றால் நமக்கு மிஞ்சுவது சத்தம் மட்டும்தான்.

ஆகவே, அடுத்த முறை இதைப் போடும்போது இப்படிச் செய்து பாருங்கள். லாரிக் கதை முடிந்து பந்தயக் கதை தொடங்கும் இடத்தில் நிறுத்திவிடுங்கள். ஒட்டுப்போட்ட இடம் கண்ணில் படாமல் போகாது. மீதியை அடுத்த வியாழக்கிழமைக்கு வையுங்கள். முதல் பாதி தனியாக ஒரு கதையாக நிற்கிறதா, மறுவாரம் பஃபலோ பில் திரும்ப வரும்போது பழகிய ஆளைப் பார்த்த சந்தோஷம் வருகிறதா என்று நீங்களே பாருங்கள். முடிந்தால் இடையில் ஒரு இரவு 1933 படத்தைப் போடுங்கள், எழுபது நிமிடம்தான். நாயகன் முகக்கட்டை அவிழ்க்கும் காட்சி வரும்போது யாரும் பேசாமல் இருக்கச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு பந்தயக் கதையைப் போட்டு, நூல் கட்டி இழுத்த இடம் எது, நடிகர் மட்டும் சுமந்த இடம் எது என்று ஆளுக்கொரு தாளில் குறித்துக்கொண்டு ஒப்பிட்டுப் பாருங்கள். அப்புறமும் சிரிப்பு வந்தால் சிரியுங்கள், வரும். எந்தக் காட்சியில் யார் நன்றாக அடி வாங்கினார் என்பதில் உங்களுக்குள் சண்டை வந்தால் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.

அன்புடன்,
உங்களைப் போலவே பழைய படங்களில் விழுந்து கிடக்கும் ஒருவர்